பதினேழாவது பெயர்

முதல் நாள், பத்தாம் வகுப்பு 'ஆ'.
பதிவேட்டில் பதினேழாவது பெயரில்
பேனா நின்றுவிட்டது.
ஏ. பெனிட்டா. தகப்பன் பெயர் ஏசுவடியான்.
களியல் ரோடு.

அந்த முற்றம் எனக்குத் தெரியும்.
"மழ விட்டாத்தான் பால்வெட்டு சாரே,
பத்து நாளு தாங்க"
என்று நின்றவரிடம்
பைக் சாவியைக் கேட்டு வாங்கினேன்.
கேட்டு வாங்கினேன் என்பது
ரிப்போர்ட்டில் எழுதிய வார்த்தை.

ஏழு வருடம் வசூல்.
முப்பத்தாறில் பி.எட்.,
தம்பி வயதுக்காரர்களோடு கடைசி பெஞ்ச்.
இப்போது சம்பளம் பாதி.
லீனா ஒன்றும் சொல்லவில்லை,
நெய்மீனை விட்டுச் சாளைக்கு மாறினாள்.

இன்று பெருக்குத் தொடர்.
உதாரணத்துக்குக் கூட்டு வட்டி.
அசலை எழுதும்போதே
சாக்பீஸ் ஒடிந்தது.
"அடைக்க முடியலேன்னா என்ன சார் செய்வாங்க?"
கேட்டது பெனிட்டா இல்லை,
பின்வரிசை ஜெபின்.
அவள் குனிந்து
மூன்றாம் வருடத் தொகையை எழுதிக்கொண்டிருந்தாள்,
தசமப் புள்ளி பிசகாமல்.

எனக்குத் தெரியும் என்ன செய்வார்கள் என்று.
இந்த வகுப்பில்
எனக்கு மட்டும்தான் தெரியும் என்றும்
சொல்ல முடியாது.
"அது நாளைக்கு, மக்களே" என்றேன்.
மணி அடிக்க இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது.

சாயங்காலம் அருமனை ஸ்டாப்பில்
குடையில்லாமல் பஸ்ஸுக்கு நிற்கிறாள்.
அப்பா கூட்டிப்போக
ஒரு வண்டி இருந்தது முன்பு.
பெட்டிக்கடை ஓரம்
என் வண்டியை நிறுத்தினேன்.
பஸ் வரும்வரை
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.