காலி எடை

வாலிநோக்கம் உப்பளத்து எடைமேடையில்
எனக்கு இரவுப் பணி.
காலி வண்டி ஏறும், ஒரு எண் எழுதுவேன்.
உப்பேற்றித் திரும்பும், இன்னொரு எண்.
கழித்தால் வருவதற்கு மட்டும்தான் காசு.

இருளாண்டி வைத்துவிட்டுப் போன புத்தகம்
அறுநூற்றுச் சொச்சம் பக்கம்.
மூன்று லட்சம் வருஷத்தை
மூன்று ராத்திரியில் கடந்துவிடலாம்.
மனிதன் ஏன் நிமிர்ந்தான்,
எந்த மத்தியானம் முதல் பொய்யைச் சொன்னான்,
எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது.

முதல் அத்தியாயத்தில்
‘இருக்கலாம்’ என்ற சொல் பதினோரு தடவை.
ஐந்தாவதில் ஒன்றுகூட இல்லை.
அதே சங்கதிதான்.
நடுவில் எந்த நிறுத்தத்தில்
இறங்கிக்கொண்டது அந்தச் சொல் என்று
பின்னோக்கிப் புரட்டினேன்,
அகப்படவில்லை.

இருநூற்றுப் பதினேழில் எங்கள் கரை வந்தது.
ஒற்றை வரி:
கடலோரமாய் நடந்து வந்த ஆதிக்கூட்டம்
தின்று போட்ட சிப்பிமேடு
இன்றும் இங்கே சாட்சி.

சாட்சியை எனக்குத் தெரியும்.
சீனி இபுராகிமின் சுண்ணாம்புக் காளவாசல்.
எண்பத்திமூன்றில் அணைந்தது.
சுடாத சிப்பி அப்படியே கிடந்தது.
அதன்மேல் ஏறித்தான் பட்டம் விட்டோம்.

டீ சிந்தச் சிரித்தேன்.
மேடையில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது.
சீட்டுப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது
சிரிப்பு இல்லை.

தெரிந்த ஒரு வரி இப்படியென்றால்
தெரியாத மற்ற பக்கங்களுக்கு
எதை வைத்துத் தலையாட்டினேன்?
சைபீரியாவில் ஒரு குகைக்குப் பக்கத்து ஊர்க்காரன்
தன் பக்கத்தைப் பார்த்து
இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பான்,
எங்கள் வரியை நம்பியபடி.

பின்குறிப்புக்குப் போனேன். எண் நாற்பத்தாறு.
அங்கே இன்னொரு புத்தகத்தின் பெயர்.
அது யாரிடம் வாங்கியதோ.
கடன் வாங்கியவனிடமே
கைமாற்று.

விடிந்ததும் கடப்பாரையோடு போனேன்.
மேலே கைப்பிடி கைப்பிடியாய் வெள்ளைச் சிப்பி.
முழங்கை ஆழத்தில் கறுத்த மண்.
அதற்கும் கீழே
நொறுங்கி, சின்னச் சின்னதாய்,
வேறு ஏதோ சிப்பி.
இபுராகிம் போட்டதா,
அவர் போடுமுன்பே இருந்த மேடா,
கடப்பாரைக்குத் தெரியவில்லை.
எனக்கும்.

மண்ணை மூடும்போதுதான் உறைத்தது:
எண்பத்திமூன்று என்று எனக்குச் சொன்னது யார்?
நான் பிறந்ததே எண்பத்தாறில்.

பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
‘காளவாசல் என்கிறார்கள்.’
கொஞ்சம் யோசித்து, கீழே
‘தோண்டியவன் தோண்டத் தெரியாதவன்.’

வியாழக்கிழமை இருளாண்டி வந்தான்.
‘எப்படி புத்தகம்? உண்மையா, கதையா?’
நடை நல்ல நடை என்றேன்.
எடைக்கு மேல் ஓடுகிற வண்டி.
சில இடத்தில் உப்பு இருக்கிறது,
சில இடத்தில் உப்பு
நனைந்து கனக்கிறது.
‘அப்போ எவ்வளவுதான் தேறும்?’

நீ முதலில் வண்டியை மேடையில் ஏற்று.
ஏற்றிவிட்டு
இறங்கி நில்.
காலி எடை போடும்போது
யாரும் உள்ளே உட்காரக் கூடாது.