நான்கு நிமிடம்

ஆத்-பாஷி மருத்துவமனை, பின்பக்க அறை.
ஏப்ரல். ஜன்னலுக்கு வெளியே இன்னும் பனி.
ஜிபர்குலின் ரத்தம் குழாயில் உறைந்து
ஈரல் துண்டுபோல் அடியில் கிடக்கிறது.
மேலே தெளிந்து நிற்பது
வைக்கோல் நிறத்தில் ஒரு விரற்கடை நீர்.
சிவப்பைப் பற்றி எல்லாரும் பேசியாயிற்று.
எனக்கு வேண்டியது இந்த மஞ்சள்.

இருபது நாளாகப் பொழுது சாய்ந்தால் காய்ச்சல்.
விடிந்தால் ஒன்றுமில்லை,
ஈரத் தலையணை மட்டும் சாட்சி.
"ஆடுகள் ஈன்றனவா?"
"பதினேழு குட்டி. மூன்று செத்துப் பிறந்தன.
ஒன்று குறுக்கே கிடந்தது, கையை விட்டு இழுத்தேன்."
"கையுறை?"
சிரித்தாள்.
குளிரில் வெடித்த விரல்கள்,
ஒவ்வொரு வெடிப்பும் தாழிடாத கதவு.

வெள்ளைத் தட்டில் அவள் மஞ்சள் ஒரு சொட்டு.
அதன்மேல் ரோஜா நிறத்தில் இன்னொன்று:
கொன்று சாயமேற்றிய கிருமிகள்.
குச்சியால் கலக்கி
இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டும்,
நான்கு நிமிடம்.

படை, போர், வெற்றி என்கிறது சுவரொட்டி.
எனக்கென்னவோ அப்படித் தெரியவில்லை.
விழுங்க வந்த வெள்ளணுவின் வயிற்றிலேயே
குடித்தனம் நடத்தும் கிருமி இது.
தின்றவனுக்கே தெரியாது
தின்னப்பட்டது உள்ளே பெருகுவது.
அதற்குள் வேறு சில அணுக்கள்
நாள்கணக்கில் உட்கார்ந்து
அதன் மேனிக்கு அளவெடுத்து
இரண்டு கையுள்ள புரதம் ஒன்றைச்
செய்து செய்து ரத்தத்தில் விடுகின்றன.
ஒரு கை ஒன்றைப் பற்றும்,
மறு கை இன்னொன்றை.

இரண்டாம் நிமிடம். ஓரத்தில் குருணை.
மூன்றாவதில் பால் திரிந்தாற்போல்
ரோஜா நிறம் கட்டிகட்டியாய்ப் பிரிகிறது.
இருக்கிறது.

ஒப்பிட, "இல்லை" என்று சொல்லும் சொட்டு வேண்டும்.
பெட்டியோடு வந்த குப்பி போன வாரமே தீர்ந்தது.
அடுத்தது பிஷ்கெக்கிலிருந்து, திங்கள், சாலை திறந்திருந்தால்.
காலையில் என் கையிலேயே குத்தி எடுத்து வைத்திருந்தேன்.
பதினோரு வருடம் அடுத்தவர் நோயைப் படித்தவள்;
ஒன்றுமில்லாத ரத்தம் என்றால்
என்னுடையதுதான் நினைவுக்கு வந்தது.

என் சொட்டிலும் குருணை.

சாயம் கெட்டிருக்கும். தட்டு அழுக்கு.
கழுவினேன். காயவைத்தேன்.
ஆம்புலன்ஸ் ஓட்டும் ருஸ்பெக்கைக் கூப்பிட்டு
கையை நீட்டச் சொன்னேன்.
அவன் சொட்டு நான்கு நிமிடமும்
வழவழவென்று, குழந்தையின் ஈறுபோல.
என்னுடையது மறுபடி திரிந்தது.

முட்டி வலி, ஜனவரியிலிருந்து. படிக்கட்டு என்றிருந்தேன்.
மாலையில் வியர்வை. வயது என்றிருந்தேன்.
யார் வீட்டுப் பாலோ, எந்தக் குழாயின் விரிசலோ.
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்
என் ரத்தம் வாரக்கணக்கில்
எனக்காக அளவெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கதவருகே ஜிபர்குல், தொப்பியைக் கையில் பிடித்தபடி.
ஆறு வாரம் மாத்திரை, விடாமல், என்கிறேன்.
மருத்துவருக்கு இரண்டு சீட்டு அனுப்புகிறேன்.

"இன்னொன்று யாருக்கு?" என்கிறாள்.