பூளைத்துறை வெள்ளக்கல்

சார்பதிவாளர் ஆபீஸ் சுவரோரம்,
என் பத்திர மேசைக்கு இடக்கைப் பக்கம்
ஒரு கருங்கல்.
ஆளுயரத்துக்கும் கூடுதல். மூன்று கோடு.
ஸ்கூட்டரைச் சாய்த்து வைக்க நல்ல தோது.

அப்போது இது கச்சேரி.
அமராவதி ஓர் ஐப்பசியில் உள்ளே வந்து
சிரஸ்தாரின் கட்டிலையும் கஜானாப் பெட்டியையும்
ஒன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனதும்
தாசில்தார் வெட்டச் சொன்னது ஒரே கோடுதான்,
மார்பளவில்.

பிறகு பாலத்துக்கு இடம் தேடிக்
குதிரையில் வந்தான் மெக்கின்ரி துரை.
வெள்ளம் தாழ்ந்த துறைக்கே பாலம் என்று
கரூர் முகாமில் அவன் சொன்ன சொல்
அவனுக்கு முந்தி இங்கே வந்திருந்தது.

பஞ்சு மண்டி ராயப்ப செட்டி
கல்தச்சன் பொங்கியானுக்கு
அரை மூட்டை கம்பு அளந்தார்:
முழங்காலில் ஒரு கோடு.
ஓடக் குத்தகை செங்காளியப்பன்
மறுநாள் ராத்திரி
முழு மூட்டையாகவே இறக்கினார்:
தலைக்கு மேலே ஒன்று.
வாங்கின கூலிக்கு வஞ்சனை செய்யாதவன் பொங்கியான்.
இரண்டையும் வெட்டினான்,
ஆழமாக.
பழையதை அழிக்க யாரும் கூலி தரவில்லை.

"எதுடா நிஜம்?" என்றான் துரை.
ஊர் கூடி நின்று ரோசனை செய்தது.
"மூணுமே நெசந்தானுங்க.
அது அப்பப்ப வரத்தைப் பொறுத்துங்க."

பாலம் எட்டு மைல் கிழக்கே போனது.
ரயிலடி ரோடும் ஆஸ்பத்திரியும் முனிசீப் கோர்ட்டும்
அதன் பின்னாலேயே போயின.
நமக்கு மிஞ்சியது தபாலாபீஸ்,
மணி இறக்குமுன்னே காசு தீர்ந்த மணிக்கூண்டு,
முகாமில் செத்துப்போன துரை நாயின் சமாதி.
அதற்குச் செவ்வாய்க்கிழமை
எலுமிச்சம்பழம் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த பெருவெள்ளத்தில்
கிழக்குப் பாலத்தில் நாலு கண் போயிற்று.
இங்கே எதுவரை ஏறியதென்று
பார்த்தவர் இல்லை. ஊரே கரட்டின் மேல்.
விடிந்து இறங்கி வந்தால்
மூன்று கோட்டிலும் வண்டல்.

வில்லங்கம் போட வருகிறவர்களிடம்
சும்மா கேட்பேன்,
"அந்த வருசம் எதுவரைக்குமுங்க?"
செட்டி வீட்டார் குனிந்து முழங்காலைத் தொடுகிறார்கள்.
செங்காளியப்பன் வகையறா
கையைத் தலைக்குமேல் தூக்கி
குதிகாலையும் எக்குகிறார்கள்.

நேற்று ஒருத்தர் வந்தார்.
தாராபுரம் ரோட்டில் கிரானைட் கடை,
பொங்கியானுக்கு எள்ளுப்பேரன் முறை.
அவரிடமும் கேட்டேன்.
கல்லைத் தடவிப் பார்த்து,
உளி நன்றாக இறங்கியிருக்கிறது என்றார்.
அப்புறம் என் பக்கம் திரும்பி,
"உங்களுக்கு எவ்வளவு வேணுமுங்க?"