பதினோரு வரி

அந்த நாவலை
ஊரிலேயே மெதுவாகப் படித்தவன் நான்.
ராயப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி.
ஒற்று மிகுமா மிகாதா என்று
சொல் சொல்லாகத் தொட்டுப் பதினாறு நாள்.
கொலைகாரன் சுவரேறிக் குதிக்கையில்
நான் கால்புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

அட்டையில் போட்டோம்: மூச்சுவிட நேரமில்லை.
பின்னட்டையில் பதிப்பாளர் எண்ணுக்குப் பதில்
என் செல்போன் எண் அச்சாகிவிட்டது.
எல்லாப் பிழையும் பார்த்தவன் பார்க்காத பிழை.
அன்றிலிருந்து அடிக்கிறார்கள்.

பல்லாவரத்தில் பிரித்தவர் ஒருவர்
பார்க் ஸ்டேஷனில் இறங்க மறந்து
பீச்சிலிருந்து பேசினார்:
"பிரமாதம் சார். அரைநாள் சம்பளம் போச்சு."

எத்திராஜுலு, சிந்தாதிரிப்பேட்டை, ஓய்வுபெற்ற ஏட்டு:
"ஒரே ராத்திரியில மூணு கொலையா?
ஒண்ணுக்கு மகஜர் எழுதவே விடிஞ்சிடும் தம்பி.
சாட்சிக் கையெழுத்துக்கு
டீக்கடைக்காரன் காலைப் பிடிக்கணும்.
அதை எழுதச் சொல்லு உங்க ஆளை."

ஓர் ஆட்டோக்காரர், பெயர் சொல்லவில்லை:
"பேசின் பிரிட்ஜ்லேர்ந்து திருவான்மியூர்
ஒம்போது நிமிசம்! எந்த ரூட்டு நைனா?
மெட்ரோ பள்ளத்தையெல்லாம் தாண்டிக் குதிச்சானா?"
வைக்கப்போனவர் வைக்கவில்லை.
"அடுத்த பாகம் எப்போ?"

ஸ்டான்லியில் இரவுப்பணி சகாயமேரி:
"செத்த உடம்புல ரத்தம் இப்படிப் பீறிடாது."
பிறகு, குரல் தாழ்த்தி,
"ரெண்டு தரம் படிச்சேன்.
வார்டு தூங்கிட்டா இங்க ஒண்ணும் நடக்காது.
நடந்தா நல்லதா இருக்காது.
அதுக்கு இது தேவலாம்."

ஐஸ் ஹவுஸ் நஸ்ரினுக்கு
நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டதாம்,
இடது கையால் பீடி பற்றவைத்தானே.
சொல்லி முடிப்பதற்குள் அக்கா போனைப் பிடுங்கி,
"நாலு பொம்பளைங்க வர்றாங்க,
ஒருத்தியாவது முழுசா ஒரு வாக்கியம் பேசுறாளா,
கத்துறதைத் தவிர?"
எடுத்துப் பார்த்தேன்.
ஒருத்தி பேசுகிறாள். "யார் நீ?"

ஆசிரியரிடம் சொல்கிறேன் என்றேன் எல்லோரிடமும்.
ஆசிரியர் அடுத்ததில் எண்பதாம் பக்கத்தில் இருந்தார்.

நேற்று இரவு பதினொன்றரை.
வடபழனி ஏ.டி.எம். வாசலிலிருந்து தெய்வசிகாமணி:
"நல்லா ஓடுது சார், கண்ணே சொக்கலை.
ஒரு சந்தேகம்.
மூணாம் பக்கத்துல குடோன் வாசல்ல
குத்துப்பட்டுச் செத்தாரே வாட்ச்மேன்,
அவர் பேரு என்ன?
திருப்பித் திருப்பித் தேடிட்டேன்.
நாய்க்குக்கூட இருக்கு."

நாய்க்கு இருக்கிறது. டைகர்.

ஏழு பாரம், நூற்றுப்பன்னிரண்டு பக்கம்.
கதை பதினோரு வரி பிதுங்கி நின்றது.
அதற்காக எட்டாவது பாரம் அடிக்க முடியாது.
"மூணாம் பக்கம் நொண்டுது, தூக்கிடு"
என்றார் ஆசிரியர்.
வேகத்துக்கு அது நல்லது என்று எனக்கும் பட்டது.
மவுஸால் கறுப்பாக்கி ஒரே தட்டு.

அந்தக் கறுப்பில் இருந்தது:
பேட்டரி தீருமென்று அணைத்துவைத்த டார்ச்.
வியாசர்பாடியில் தைக்கக் கொடுத்த
மகளின் பள்ளிச் சீருடை, வெள்ளிக்கிழமை வாங்க வேண்டும்.
செருப்பு வாரில் போட்டிருந்த ஊக்கு
காலைக் குத்திக்கொண்டே இருந்தது.
கத்தி வந்தபோது
அவர் குனிந்து அதைத்தான் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"கோதண்டம்" என்றேன்.

"ஒரு நிமிசம் சார், பேனா எடுத்துக்கறேன்."
நாற்காலி நகர்ந்தது.
நூறடிச் சாலையில் ஒரு தண்ணீர் லாரி
மெதுவாகக் கடந்து போகும் வரை காத்திருந்தேன்.
"சொல்லுங்க சார்,
ஒத்தைக் கொம்பா, ரெட்டைக் கொம்பா?"

ரெட்டைக் கொம்பு.