கடலையா, பூவா

முகவாயை இந்தத் தாங்கியில் வையுங்கள், ஐயா.
நெற்றியை அந்தப் பட்டையில் சாய்த்து
அசையாமல்.
இமைக்கலாம், அது குற்றமில்லை.

தியன்ஜின், டிசம்பர், மூன்றாம் மாடி.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருக்கிறோம்.
நியெ சாங்மாவ், ஐம்பத்திரண்டு வயது,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்,
ஒட்டி நிற்கும் பெட்டிகளில் எது எந்த லாரிக்கென்று
நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து பிரித்தறிபவர்,
கண்ணுக்குள் எங்கள் விளக்கின் புள்ளி
குளத்தில் விழுந்த பொத்தான்போல் மினுங்க
வாக்கியங்களைப் படிக்கிறார்
அறுபது யுவானுக்கு.

எங்கள் எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது.
கட்டம் கட்டமாக, ஒரே உடல்வாகில்,
நெரிசல் நேரத்து மெட்ரோவில் நிற்பதுபோல் நிற்கும்.
யார் யாரோடு வந்தவர் என்று
கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண் ஓடுவதில்லை, தத்துகிறது.
கால் வினாடி நிற்கும்.
இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் மூன்று எழுத்து அள்ளும்.
தாவும்.
தாவும்போது குருடு.
அந்தக் குருட்டுக் கணத்தில் நாங்கள்
திரையில் ஓர் எழுத்தை மாற்றி வைப்போம்.
இன்றுவரை ஒருவரும் எங்களைக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை.

நாற்பத்தேழாவது வாக்கியம் மணல் நிலத்தைப் பற்றியது.
நடுவில் மூன்று எழுத்து: பூ. பிறப்பு. நீளம்.
முதலிரண்டும் சேர்ந்தால் வேர்க்கடலை.
பின்னிரண்டும் சேர்ந்தால் வளர்ச்சி.
இடையில் அகப்பட்ட பிறப்பை
ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுக்கிறார்கள்.
மணலில் செழித்து வளர்வது கடலையா, பூவா?
மூளை இரண்டையும் எழுப்பிவிட்டு
ஒன்றை அமுக்கித் தூங்கவைக்கிறது
என்று நிரூபிக்கத்தான்
இரண்டு வருடமாக இந்த இருட்டில் குடியிருக்கிறேன்.

பெரும்பாலோர் கடலைக்குப் போவார்கள்.
சிலர் பூவுக்குப் போய்த் திரும்புவார்கள்.
நியெயின் கண் கடலையைத் தாண்டியது,
நீளத்தில் நின்றது,
பிறகு வந்த வழியே, வலமிருந்து இடமாக,
பிறப்புக்கு வந்து
அங்கேயே உட்கார்ந்துவிட்டது.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மில்லிவினாடி.
கருவிதான் பழுதோ என்று கம்பியைத் தொட்டுப் பார்த்தேன்.

விளக்கைப் போட்டதும் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.
"வாக்கியத்தில் தப்பு இல்லைம்மா.
திருப்பிப் படித்தால் என் தம்பி."

நீளம், பிறப்பு. சாங்ஷெங்.
வளர்ச்சிக்குள் 'ஜாங்' என்று ஒலித்த எழுத்து
திரும்பி வரும்போது 'சாங்' ஆகிவிடுகிறது.
இவர் பெயருக்கும் அதுதான் முன்னெழுத்து,
ஒரே தகப்பன் வைத்தது.

"இருக்கிறாரா?"

"அவனுக்கென்ன, நல்லாத்தான் இருக்கான்.
ஜின்னானில். பஸ்ஸில் நாற்பது நிமிஷம்.
வீட்டை இடிச்சப்போ வந்த காசு.
பதினோரு வருஷமாப் பேச்சு இல்லை."

நோட்டுகளை எண்ணாமல் உள்பையில் வைத்தார்.
"உன் மெஷினுக்கு அதெல்லாம் தெரியுமா?"
எவ்வளவு நேரம் என்று மட்டும் தெரியும், என்றேன்.
சிரித்தாரா மூக்கை உறிஞ்சினாரா,
மப்ளர் மறைத்துவிட்டது.

ஆயிரத்தைத் தாண்டினால் நீக்கு.
எங்கள் கூடத்து விதி அது,
கொட்டாவி விட்டவரையும் போனை நினைத்தவரையும்
சல்லடையில் கழிக்க.
அன்றிரவு நிரல் ஓடியது, அந்த வரி போயிற்று.
கட்டுரையில் அது
'இரண்டு புள்ளி மூன்று சதவீதத் தரவு விலக்கப்பட்டது'
என்பதற்குள் எங்கோ இருக்கிறது.
பேராசிரியர் ஷீ அந்த இடத்தில் ஒரு காற்புள்ளி சேர்த்தார்.

கடைசி மெட்ரோ.
எதிர் இருக்கையில் ஒருவர் வறுத்த கடலையை உடைத்து
தோலைச் சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.
கதவுக்கு மேலே வரிசையாக நிலையங்களின் பெயர்.
ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து படித்துப் பார்த்தேன்.
ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை,
ஒன்றில் மட்டும் யாரோ இருந்தார்கள்.

நான் இறங்க வேண்டிய இடம்
அதற்குள் போய்விட்டிருந்தது.