பிரபஞ்சம் முழுக்க

கோத்தகிரி டிப்போவுக்குக் கூரியரில் வந்தது
பதினோரு பக்கம்.
என் குரலை வாங்கிக்கொள்கிறார்களாம்:
ஒரு 'போலாம் ரைட்', ஒரு 'ஹோல்டேன்', ஒரு தும்மல்.
இந்தப் பிரபஞ்சம் முழுக்க,
இனி வரும் எக்காலத்துக்கும்.

மூணு வருஷம் முன்னால்
வர்க்கி அடுப்புக்கு மேல்மாடியில்
ஹாலனும் ஜெசிந்தாவும்
என்னைக் கம்பளிக்குள் உட்காரவைத்துப் பதிந்தது அது.
தும்மல், கம்பளியால்.
'இருக்கட்டும்ணா, நல்லாருக்கு' என்றாள்.
கூலி ஒரு டீ, சுடச்சுட நாலு வர்க்கி.

விளையாட்டில் பெரிசாக ஒன்றும் கிடையாது.
கடைசி பஸ். மஞ்சு.
மூணாவது கொண்டை ஊசியில்
ஒரு காட்டுமாடு நிற்கும்.
ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான்.
அதுவாய் நகரும்வரை நிற்க வேண்டும்;
சிலநாள் ஒரு நிமிஷம், சிலநாள் பதினேழு.
நின்றதற்குப் பாயிண்டு இல்லை.
அங்கே சும்மா நிற்கத்தான்
எங்கெங்கிருந்தோ ராத்திரியெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

இப்போது பெரிய கம்பெனி.
தொகையை ஹாலன் காதோடுதான் சொன்னான்,
சைபர்களை நான் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.
ரெண்டு வருஷமாய்க் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
கோடு எழுதிய ஜெசிந்தா
பல்லைச் சரிபண்ணிக்கொண்டாள்.
வாயை மூடாமல் சிரிக்கிறாள்.
அதை எப்படிக் குறை சொல்ல?

முதல் அப்டேட்டிலேயே
காட்டுமாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான்.
முப்பது நொடி விளம்பரம் பார்த்தால்
அது விலகிவிடும்.
திட்டினேன். கெட்ட வார்த்தையில்.
அன்றைக்கே நைட் ஹால்ட்டில், கால் விறைக்க,
நானே அழுத்தினேன்.
ஷாம்பு.
பிறகு மாடு நின்ற இடத்தில் வெறும் தார்.

'அது எங்கடா போகுது?'
'தெரியலண்ணா. சாவி இப்ப எங்ககிட்ட இல்ல.'

பதினோரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.
ஒன்பதாயிரம் ரூபாய்.
பொய் சொல்வானேன்,
நல்ல ஸ்வெட்டராக ஒன்று வாங்கினேன்.

நேற்று கைகாட்டியில்
பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன் போனும் கையுமாய் ஏறினான்.
அவனுக்குப் பின்னால் கேரட் மூட்டையோடு ஒரு பெண்,
படியில் ஒரு கால்தான் வைத்திருந்தாள்.
'போலாம் ரைட்'
என்றது என் குரல்.
அமலதாஸ் வண்டியை எடுத்துவிட்டார்.
'ஹோல்டேன்! ஹோல்டேன்!'
தொண்டை கிழியக் கத்தினேன்.
நின்றது. ரெண்டு கேரட் உருண்டது.
கண்ணாடியில் என்னைத் தேடினார் அமலதாஸ்:
'இதுல எதுய்யா நீ?'

பின்சீட்டில் யாரோ தும்மினார்கள்.