கணக்கு உதைக்கிறது

மாசேருவிலிருந்து ஆறு மணி நேரம்.
கடைசி இரண்டு மணி நேரமும் லெரெகோ
ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தபடியே வந்தான்.
பிள்ளை டாக்டராகப் போகிறான் என்று
அவன் அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்.

மலை மருத்துவமனை என்றால்
மூன்று அறை, தகரக் கூரை,
வாசலில் கட்டிப்போட்ட பன்னிரண்டு குதிரைகள்.
வெள்ளை அங்கி எங்களுக்குக் கிடையாது.
தன்னார்வலர் என்றெழுதிய மஞ்சள் அட்டை,
ஒரு பேனா, ஒரு பதிவேடு.
பெயர். வயது. எதற்காக வந்தார்.
இவ்வளவுதான் என் மருத்துவம்.

முதல் நாள்
ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனைகளை மாற்றி மாட்டிக்கொண்டு
கம்பளி போர்த்திய ஒருவரின் நெஞ்சில்
வெறும் காற்றைக் கேட்டேன்.
செவிலி மாலினேயோ சிரிக்கவில்லை.
வரிசையில் நாற்பது பேர், சிரிக்க ஏது நேரம்.

மூன்றாம் நாள் த்லாலி வந்தான்.
ஆடு மேய்ப்பவன்.
ஒரு காலில் ரப்பர் பூட்ஸ்,
மற்றதில் சாக்குத்துணி, காய்ந்த ரத்தம்.
வயது?
"பனியில் பாதி மந்தை செத்ததே,
அதற்கு அடுத்த வருஷம் பிறந்தேன்."
அதை எழுதக் கட்டம் இல்லை.
பதினேழு என்று போட்டேன்.
போட்ட பிறகுதான் தெரிந்தது,
என் வயதை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

எதற்காக வந்தாய்?
காலைக் காட்டுவான் என்று குனிந்தேன்.
அவன் போர்வையின் ஊசியைக் கழற்றினான்.
உள்ளே, விலாவோடு ஒட்டி,
பாதி வளர்ந்த நாய்க்குட்டி ஒன்று.
காதிலிருந்து தோள்வரை கிழிந்திருந்தது.
"ராத்திரி நரி வந்தது" என்றான்.
"இதுதான் எதிர்த்துப் போனது."

"இங்கே நாய்க்குப் பார்ப்பதில்லை"
என்றார் மாலினேயோ.
சொல்லிவிட்டு உள்ளே போனார்,
பஞ்சுப் பெட்டியை மேசைமேல் மறந்துவிட்டு.
அவர் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை.

முதலில் உன் கால் என்றேன்.
முதலில் அது என்றான்.
லெரெகோ மண்டியிட்டான்,
நாயின் வாயை இரு கையாலும் பொத்திப் பிடித்தான்.
உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.
நாய் அழவில்லை; த்லாலி அழுதான்,
மூக்கைப் போர்வையில் துடைத்துக்கொண்டே.
பிறகு குனிந்து
அதன் விலாவில் தன் காதை வைத்தான்.
"ஓடுகிறது."

ஸ்டெதஸ்கோப்பை நீட்டினேன், பெருமையாக.
மாட்டிக் கேட்டான். முகம் சுளித்தான்.
திருப்பிக் கொடுத்தான்.
"இதில் ரொம்பத் தூரமாகக் கேட்கிறது."

அவன் காலில் முள்ளல்ல, தகரத்துண்டு.
மூன்று மலை அதோடு ஏறி இறங்கியிருக்கிறான்.

சாயங்காலம் கணக்குப் பார்த்தோம்.
கட்டுப் போட்டவர்கள் ஒன்பது.
செலவான கட்டு பத்து.
"கணக்கு உதைக்கிறதே" என்றார் மாலினேயோ,
பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார்.
த்லாலியின் பெயருக்கு எதிரே
நான் 'கால்' என்று எழுதியிருந்தேன்.
பேனாவை வாங்கி அதைக் 'கால்கள்' ஆக்கினார்.
"எத்தனை என்று எவரும் கேட்கப்போவதில்லை."

நாய் பிழைத்ததா, தெரியாது.
சனிக்கிழமை வண்டி வந்துவிட்டது.

இறங்கும் வழியெல்லாம் லெரெகோ
சட்டையில் ரத்தக் கறையோடு தூங்கினான்.
இந்த முறை ஜன்னலோரம் எனக்கு.
வாந்தியும் எனக்கு.